சிவப்பு போட்டால் வராத கூட்டம்

"என்ன தம்பி, இந்தத் தடவையும் உங்க ஜோசியம் ஊத்திக்கிச்சா?"

பெரிய சிஸ்டர் கேட்டதும் அவசர சிகிச்சைப் பிரிவே சிரித்தது. அவனுக்கு மட்டும் பற்றிக்கொண்டு வந்தது.

அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் அவனுக்கு 'ஜோசியர்' என்றே பெயர் விழுந்துவிட்டது. வைத்த புண்ணியம் பெரிய சிஸ்டருக்குத்தான். குளிர்காலக் காய்ச்சல் பரவும் மாதங்களில், நாளைக்கு எவ்வளவு கூட்டம் வரும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வேலை. தினமும் மதியம் வாசல் பலகையில் ஒரு வட்டம் போடுவான். கூட்டம் அலைமோதும் என்றால் சிவப்பு. வழக்கம்போலத்தான் என்றால் பச்சை. சிவப்பு விழுந்தால், மறுநாள் லீவில் இருக்கும் நர்ஸ்களும் வந்தாக வேண்டும்.

இதில்தான் குழப்பம். பச்சை போட்ட நாளெல்லாம் அவன் சொன்னபடியே நடந்தது. சிவப்பு போட்டால் மட்டும் கூட்டம் வருவதில்லை.

ஏதோ ஒரு முறை என்றால் பரவாயில்லை. சீசன் தொடங்கியதிலிருந்து ஒவ்வொரு சிவப்புக்கும் இதே கதை. பக்கத்து ஊர் ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லையாம். இங்கே ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கணக்கைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்தும் எங்கே தப்பு என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை.

பெரிய டாக்டர் அறைக்குக் கூப்பிட்டார்.

"லீவுல இருக்கிற பொண்ணுங்களை எல்லாம் வரவழைச்சு என்னய்யா பண்ணச் சொல்றே? வரிசையா உக்காந்து கொட்டாவி விடவா?"

"சார், கணக்கு சரியாத்தான் இருக்கு..."

"அப்ப கூட்டம்தான் தப்பா?"

அவனுக்கு யார் தலையிலாவது பழியைப் போட்டால் தேவலை என்றிருந்தது.

"பெரிய சிஸ்டரே இதை மதிக்கிறதில்ல சார். நான் சிவப்பு போட்ட அன்னைக்குப் பாத்துத்தான் மருந்து ரூமுக்குள்ள போய் போனை எடுத்துடறாங்க. 'சாப்டீங்களா அண்ணே, தூங்குனீங்களா அக்கா, குட்டி எப்படி இருக்கான்'னு ஒரே அரட்டை. டூட்டி முடியிறவரைக்கும் நிறுத்தறதில்ல."

"அவங்களைக் காட்டிட்டு நீ தப்பிக்காதே. இன்னொரு தடவை சிவப்பு போட்டுக் கூட்டம் வரலேன்னா, அந்தப் பலகையையும் கழட்டிடுவேன், உன்னையும் அனுப்பிடுவேன்."

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது? அன்று முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

மறுநாள் கம்ப்யூட்டர் காட்டியது, சிவப்பு. அந்த சீசனிலேயே அவன் பார்த்திராத சிவப்பு.

பலகை முன்னால் போய் நின்றான். சிவப்பு என்று சொன்ன நாளெல்லாம் கூட்டம் வரவில்லை. அப்படியென்றால் இந்தக் கம்ப்யூட்டருக்குச் சிவப்பு என்றாலே பச்சை என்றுதானே அர்த்தம்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. பெரிய டாக்டரின் முகம் வேறு கண் முன்னால் வந்து நின்றது.

பச்சை மார்க்கரை எடுத்து வட்டம் போட்டான்.

பெரிய சிஸ்டர் வந்து பார்த்தார்.

"பச்சையா தம்பி? நல்லாப் பாத்துட்டீங்களா?"

"பாத்துட்டேன் சிஸ்டர்."

"அப்பாடா!" என்றவர், அன்று டூட்டி முடிந்ததும் கைப்பையை மாட்டிக்கொண்டு நேரத்தோடு வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். வழக்கமான கிண்டல்கூட இல்லை. அதுவே அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது.

விடிந்தது. கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம்!

ஒரே கட்டிலில் இரண்டு குழந்தைகள். ஆக்சிஜன் போட இடமில்லாமல் ஒரு பெரியவர் நடைபாதைச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். இருக்கிற நாலைந்து நர்ஸ்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் தவித்தார்கள். லீவில் இருந்தவர்களில் பாதிப் பேர் போனை எடுக்கவில்லை. பெரிய டாக்டரே ஸ்ட்ரெச்சர் தள்ளினார்.

அவனும் தன் அறை நாற்காலியைத் தூக்கி வந்து அந்தப் பெரியவரை உட்கார வைத்தான். சிலிண்டர் உருட்டினான். அழுகிற குழந்தைகளின் முகத்தைப் பார்க்கவே அவனுக்கு வெட்கமாக இருந்தது. வேலைக்குப் பயந்து செய்த காரியம் இது என்று அவனுக்குத் தெரியும்.

பொழுது சாய்கிற நேரத்தில்தான் கூட்டம் கொஞ்சம் அடங்கியது. அந்தப் பெரியவர் தப்பித்துக்கொண்டார். பெரிய சிஸ்டர் பெஞ்சில் வந்து பொத்தென்று உட்கார்ந்தார். அவன் பக்கத்தில் போய் நின்றான்.

"சிஸ்டர்... கம்ப்யூட்டர் நேத்து சிவப்புன்னுதான் சொல்லுச்சு. நான்தான் பயந்துக்கிட்டு பச்சை போட்டேன். பெரிய டாக்டர்கிட்டயும் சொல்லிடப் போறேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஆனா ஒண்ணு மட்டும் எனக்குப் புரியவே இல்ல சிஸ்டர். நான் சிவப்பு போட்டப்பல்லாம் வராத ஜனம், இன்னைக்கு மட்டும் ஏன் இப்படி வந்துச்சு?"

பெரிய சிஸ்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"நீங்க சிவப்பு போட்டா, மூச்சிழுப்பு இருக்கிறவங்க வீடு, கைக்குழந்தை இருக்கிற வீடு எதையும் விடமாட்டேன் தம்பி. போன் போட்டு, 'மருந்தை விட்டுடாதீங்க, லேசா முடியலேன்னாலும் முத்த விடாம இன்னைக்கே பக்கத்துல இருக்கிற டாக்டர்கிட்ட காட்டிடுங்க'ன்னு ஒவ்வொருத்தரா சொல்லிடுவேன். நேத்து பச்சைன்னு போட்டிருந்தீங்களே... உங்களை நம்பி நான் யாருக்குமே போன் பண்ணலையே!"