வாய்மொழிச் சான்று

வட்டார வரலாறு நடத்தும் ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம் அது. "பாடப் புத்தகத்துல இல்லாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்க" என்றார் பயிற்சியாளர். பணி ஓய்வு பெற்ற பெரிய அதிகாரி, கனிவாகப் பேசுகிறவர்.

ஓர் ஆசிரியை எழுந்தாள். "எங்க ஊர் பஞ்சுக் கிடங்கு தீ, சார். விபத்துன்னுதான் புத்தகத்துல இருக்கு. ஆனா கூலியை உயர்த்தச் சொன்னவங்களை உள்ளே தள்ளி, வெளியே பூட்டிட்டாங்க."

"அதுல ஒருத்தர்கூடப் பிழைக்கலையேம்மா. உங்களுக்கு யார் சொன்னது?"

"எங்கப்பா. கூரையைப் பிரிச்சுத் தப்பிச்சவர்."

முகாமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"அவர் பொக்கிஷம்மா. இன்னைக்கே பேட்டி எடுத்துடலாம்" என்ற பயிற்சியாளர், தன் காரிலேயே அவளை வீட்டுக்கு அழைத்து வந்தார்.

அப்பா ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார்.

"வணக்கம் ஐயா. அந்தத் தீயைப் பத்தி உங்க வாயாலேயே கேட்கணும்" என்றார் பயிற்சியாளர்.

அப்பா ரேடியோவை அணைத்தார். "தீயா? நான் அப்ப இந்த ஊர்லயே இல்லைங்க. இவ எங்கேயோ கேட்டதை உளர்றா."

எத்தனை விதமாகக் கேட்டும் அதே பதில்தான். பயிற்சியாளர் சிரித்தபடியே விடைபெற்று வெளியேறினார்.

அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "ஏம்ப்பா என் மானத்தை வாங்கினீங்க?"

"முதல்ல கதவைச் சாத்தும்மா." அப்பா குரலைத் தாழ்த்தினார். "அன்னைக்குக் கிடங்கைப் பூட்டச் சொன்ன குரல் இதுதான்."

அவள் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, மூச்சுவிடாமல் காது கொடுத்து நின்றாள். வெளியே கார் கிளம்பும் சத்தம் கேட்கவே இல்லை.