ஆற்றைத் தாண்டும் பந்து

"நல்லா தூரம் போவணும். விலையும் கம்மியா இருக்கணும்" என்றார் ஜீவரத்தினம், கடைக்குள் நுழைந்ததுமே.

திருப்பதியில் என் கடைக்கு வருகிறவர்கள் கிரிக்கெட் மட்டை கேட்பார்கள், கேரம் பவுடர் கேட்பார்கள். கோல்ஃப் பந்துக்கென்று கங்காதர நெல்லூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர் இவர் ஒருவர்தான்.

மஸ்கட்டில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தவர். வேலையை விட்டு வரும்போது ஊரார் தங்கம் கொண்டுவருவார்கள். இவர் ஒரு பழைய கோல்ஃப் ஸ்டிக்கைக் கொண்டுவந்தார்.

"போன தபா வாங்கின பந்தெல்லாம் இன்னா ஆச்சு சார்?"

"பாதி ஆத்து மணல்லயே விழுந்துட்ச்சி தம்பி. வயசாவுது, கை வீசல."

அவர் ஆட்டமே விசித்திரம். குழி கிடையாது, கொடி கிடையாது. வீட்டுக்குப் பின்னால் நின்று அடித்தால், வறண்டு கிடக்கும் ஆற்றைத் தாண்டி, வேலியையும் தாண்டி, எதிர்க்கரை மாந்தோப்பில் பந்து விழ வேண்டும். அவ்வளவுதான். போனது ஒன்றுகூடத் திரும்பி வராது. மனுஷனுக்கு வேறு வேலை இல்லையா என்று எனக்கு எரிச்சலாக வரும்.

மூன்று வகைப் பந்துகளை எடுத்து வைத்தேன்.

மைதானத்துக் குளத்தில் விழுந்ததை எடுத்துக் கழுவி விற்பது ஒன்று. சல்லிசு, ஆனால் தண்ணீரில் ஊறியது, நம்ப முடியாது. மெத்தென்று இருப்பது இன்னொன்று. விழுந்த இடத்தில் நிற்கும், ஆனால் விலை யானை விலை. மூன்றாவது ரெண்டே அடுக்குப் பந்து. கல் மாதிரி கெட்டி.

கெட்டிப் பந்தை எடுத்துக் கண்ணாடி மேஜையில் தட்டிப் பார்த்தார்.

"இது தூரம் போவும் சார். ஆனா விழுந்த எடத்துல நிக்காது, உருண்டுக்கினே போவும்."

"போவட்டும். அவ வாசலாண்ட போய் நின்னா இன்னும் நல்லது."

"யார் வாசலாண்ட?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

மகளாம். பெயர் ஸ்வீட்டி. எதிர்க்கரை மாந்தோப்புக் கன்னையாவின் மகனைக் கட்டிக்கொண்டாள். சர்ச்சில் தலைகாட்ட முடியவில்லை என்று, இனி என் வாசப்படி மிதிக்காதே என்று சொல்லிவிட்டார்.

"பொறந்ததுலேர்ந்து என் பேச்சைக் கேட்டதே இல்ல தம்பி. அதை மட்டும் கேட்டுக்கினா."

அவர் லீவில் வரும்போதெல்லாம் ஆற்று மணலில் பந்தடிப்பாராம். சின்னப் பெண் ஓடி ஓடிப் பொறுக்கி வருமாம். இருட்டினாலும் ஒரு பந்தைக்கூட விட்டுவிட்டு வீட்டுக்கு வராதாம். சில நாள் தானும் அடிக்கிறேன் என்று ஸ்டிக்கைத் தூக்குமாம்.

"பீச்சாங்கைல பிடிப்பா. பொட்டப்புள்ள இன்னா பழக்கம் இதுன்னு புடுங்கி வெச்சிருவேன்."

என் வாய் சும்மா இருக்கவில்லை.

"ஆத்துலதான் தண்ணியே இல்லியே சார். ஒரு நடை நடந்து போய்ட்டு வரக் கூடாதா?"

"வராதேன்னு சொன்னவன் நானு. எந்த மூஞ்சிய வெச்சிக்கினு போறது? பந்து விழுந்தா அவ எடுத்துக்கினு வருவா. அது அவ பழக்கம்."

கெட்டிப் பந்திலேயே மஞ்சள் நிறமாகப் பார்த்து ஒரு பெட்டி எடுத்துக் கொடுத்தேன். மாஞ்சருகில் வெள்ளையைவிட மஞ்சள் பளிச்சென்று தெரியும் என்று அவரே முன்பொரு தடவை சொல்லியிருக்கிறார்.

பெட்டியைப் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினார். ஐந்தரை பஸ்ஸைப் பிடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தார்.

"பீச்சாங்கைக்காரங்களுக்குன்னு தனியா ஸ்டிக் வருமாமே. உனக்குத் தெரியுமா?"

"வரும் சார். சென்னைக்குச் சொல்லி வரவழைக்கணும்."

"ஒண்ணு சொல்லிடு."

நோட்டை எடுத்தேன். பிடிக்கிறவரின் உயரத்துக்குத் தகுந்தபடிதான் ஸ்டிக்கின் நீளம். உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். பிறகு பக்கத்தில் யாரோ நிற்கிறாற்போல் திரும்பி, தன் காதுக்கு நேராகக் கையை வைத்துக் காட்டினார்.

நான் எழுதி முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.