அஞ்சு மணி ஊர்சுத்தி

மணி அஞ்சு ஆனதுதான் தாமதம், ஊர்சுத்தி பையைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீயும் எழுந்திரேன். மேகம் போட்டு வெளியில ஜிலுஜிலுன்னு இருக்கு!"

"எனக்கு வேலை இருக்கு," என்றாள் நம்ம பொண்ணு, நிமிராமலே.

"வேலை எங்க ஓடிடப் போகுது?"

சொல்லிவிட்டுத் தடதடவென்று படியிறங்கி ஓடியே போய்விட்டான். கடல் தாண்டி இன்டர்ன்ஷிப்புக்கு வந்தவன் ஓடுகிற ஓட்டமா இது? அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஊர்சுத்தி என்று பெயர் வைத்தவளே அவள்தான். பெயின்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் ரெண்டு பேரும் ஒரே நாளில் சேர்ந்தவர்கள். பெயின்ட் அடித்த தகடுகளைச் சுரண்டிப் பார்த்து, எது எவ்வளவு தாங்குகிறது என்று எழுதுகிற வேலை. இன்டர்ன்ஷிப் முடிந்ததும் ஒருத்தருக்கு மட்டும் நிரந்தர வேலை. அந்த ஒருத்தர் தானாக இருக்க வேண்டும் என்று இவள் சோறு தூக்கம் மறந்து உழைக்கிறாள்.

ஐயாவோ காலையில் ஷூவெல்லாம் மணலோடு வருகிறார். ஒரு நாள் சட்டையில் சாக்லேட் கறை. இன்னொரு நாள் இடது கை நகத்தில் ரோஸ் கலர் பாலிஷ்! என்ன பார்ட்டியோ, என்ன கண்றாவியோ!

இவளுக்கு அம்மா ஃபோனில் சொல்லிக் கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்.

"மேடம் எழுந்திருக்கிற வரைக்கும் நீ நாற்காலியை விட்டு நகராதே. அப்பதான் நல்ல பேரு கிடைக்கும்."

இவளும் நகரவில்லை. ஆனால் சோதனைக்கூடத்துக்கே தலைவியான மேடம் லேசுப்பட்டவரா? ஆபீஸே காலியான பிறகும் கண்ணாடி அறைக்குள் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டே இருப்பார். ஏழு ஆகும், ஏழரை ஆகும், மனுஷி அசைய மாட்டார். கடைசியில் பசி தாங்காமல் இவள்தான் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிளம்புவாள். அப்பா, என்ன உழைப்பு என்று மேடத்தை மனசுக்குள் கும்பிட்டுக்கொள்வாள்.

அடுத்த வாரம் மேடம் யார் பெயரையாவது எழுதிக் கொடுத்தாக வேண்டும். அன்று அவன் ஓடிப் போனதும் இவள் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, வருவது வரட்டும் என்று கண்ணாடிக் கதவைத் தட்டினாள்.

"மேடம், ஒரு விஷயம். போட்டுக் கொடுக்கிறேன்னு நினைக்கக் கூடாது."

போட்டுக் கொடுக்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள்.

"சொல்லும்மா."

"அவனுக்கு இந்த வேலையில அக்கறையே இல்ல மேடம். அஞ்சு அடிச்சா ஊர் சுத்தப் போயிடறான். நான் தினமும் நீங்க கிளம்பட்டும்னு ஏழரை வரைக்கும் உட்கார்ந்திருக்கேன். நீங்களே பார்த்திருப்பீங்க."

மேடம் தட்டுவதை நிறுத்தினார்.

"நான் கிளம்பட்டும்னா நீ உட்கார்ந்திருக்கே?"

"ஆமாம் மேடம்!" பெருமையில் இவளுக்குக் குரலே மாறிவிட்டது.

"அடக் கடவுளே! நீ கிளம்பட்டும்னுதானே நான் உட்கார்ந்திருக்கேன்!"

"மேடம்?"

"இங்க தின்னர் அது இதுன்னு எல்லாம் தீப்பிடிக்கிற சாமான். இன்டர்ன்ஷிப் பசங்களைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாதுன்னு கம்பெனி சட்டம். நான் எழுந்து போனா என் வேலை போயிடும்மா."

கம்ப்யூட்டரை இவள் பக்கம் திருப்பினார். திரை முழுக்கச் சீட்டுக்கட்டு. ஆட்டம் பாதியில் நின்றிருந்தது.

"இந்த ஆட்டத்துல இப்ப என்னை ஜெயிக்க ஆளே கிடையாது. எல்லாம் உன் புண்ணியம்."

நம்ம பொண்ணு இழுத்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே மேடம்..."

"முதல் வாரமே சொல்ல வந்தேன். அவன்தான் தடுத்துட்டான். 'அவ வீட்ல எல்லாரும் இந்த வேலையைத்தான் நம்பிட்டிருக்காங்க. ஆசையா உழைக்கிறா மேடம், எழுந்து போன்னு சொன்னா ஒடிஞ்சு போயிடுவா. நானே தினமும் கூப்பிட்டுப் பார்க்கிறேன். வரலைன்னா பாப்பாவை நான் பார்த்துக்கறேன்'னான்."

"எந்தப் பாப்பா?"

"என் பொண்ணுதான். குழந்தைகள் காப்பகத்தை அஞ்சரைக்கெல்லாம் பூட்டிடுவாங்க. என் வீட்டுக்காரர் கப்பல்ல இருக்கார். நானோ இங்க சீட்டாடிட்டிருக்கேன். அவன் அந்த ஓட்டம் ஓடலைன்னா குழந்தை தெருவுலதான் நிக்கணும். கூட்டிட்டு வந்து பூங்காவுல விளையாட விட்டு, நான் போற வரைக்கும் அவன்தான் வெச்சிருக்கான்."

நம்ம பொண்ணுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றிருந்தது.

"நான் சொன்னதை மறந்துடுங்க மேடம். அந்த வேலைக்கு அவன் பேரையே எழுதுங்க."

"அதை அப்புறம் பார்த்துக்கலாம். முதல்ல இன்னிக்காவது நேரத்தோட கிளம்பு தாயே!"

அவள் அவசரமாகத் தகடுகளை அடுக்குவதற்குள் வெளியே சடசடவென்று மழை பிடித்துக்கொண்டது. பூங்காவில் நிற்க முடியவில்லை போலிருக்கிறது, ஊர்சுத்தி சொட்டச் சொட்டக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தான். தோளில் ஒரு வாண்டு. நனையாமல் இருக்க, வாண்டின் தலைமேல் அவன் பை.

இறக்கிவிட்டதும் வாண்டு நேரே நம்ம பொண்ணிடம் வந்தது. ஏற இறங்கப் பார்த்தது. அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, ரொம்பக் கவலையாகக் கேட்டது.

"அம்மா, போறதுக்கு வீடே இல்லாத அக்கா இவங்கதானா? பாவம்மா, நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடலாமா?"