ஊர் இழுவை

வீட்டு போனில் கேட்டது மகனின் குரல்தான். ஆனால் எம்.பி. ஆகித் தலைநகருக்குப் போன பிறகும் அவன் தாயிடம் இப்படிப் பேசியதில்லை.

“அம்மா, எனக்கு மிரட்டல் வந்திருக்கு. என்னைப் போலவே பேசி யாராவது கூப்பிடலாம். தயவுசெய்து கதவைத் திறக்காதீங்க. போலீஸ் வந்துட்டிருக்காங்க.”

பெற்றவளிடம் தயவுசெய்தா? ஒரு சொல்லில்கூட ஊர்ப் பேச்சின் இழுவை இல்லை.

“எவன்டா நீ? எம்புள்ள பேச்சு எனக்குத் தெரியாதா?” என்று போனை வைத்தாள்.

உடனே மறுபடி மணி அடித்தது.

“எம்மா, நாந்தாம்மா. பயந்துட்டியா? நம்ம ஆளுங்க வாசல்ல நிக்கிறாங்க, தொறந்து விடு.”

அதே இழுவை! போன உயிர் திரும்பி வந்தது. ஓடிப்போய்த் தாழ்ப்பாளை விலக்கினாள்.

முன்பின் தெரியாத மூன்று பேர் நுழைந்தார்கள். ஒருவன் கதவை உள்ளே தாழிட்டான். இன்னொருவனின் போனில் மகன் அதே இழுவையோடு பேசினான்: “மறக்காம எனக்கே ஓட்டுப் போடுங்க!”

“பிரசாரப் பேச்சை வச்சே கம்ப்யூட்டர்ல அந்தக் குரலைச் செஞ்சுட்டோம்,” என்று அவன் சிரித்தான்.

மேஜைமேல் அவளுடைய கைபேசி மினுங்கியது. மகனின் செய்தி.

‘எம்மா, பக்கத்துல மந்திரி இருந்தாரு. அதான் அப்படிப் பேசுனேன். தொறந்துடாத.’