மூன்றாவது சிப்பம்

ஒன்பது நாட்களாக அரியநாதன் பகலில் மருத்துவமனையிலும் மாலையில் வாசலில் நின்ற மகனின் காருக்கடியிலும் கிடந்தார். முன்சக்கரத்தில் தட்டுகிறது, சக்கரங்களைத் தாங்கும் ஆர்ம் இரண்டையும் மாற்ற வேண்டும் என்று அமுதன் வெகுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். மாற்றாததால்தான் அன்று பைக்கில் போய் அடிபட்டான். ஐசியூவில் ஒருவரைத்தான் விடுவார்கள் என்று சொல்லி, மனைவி செண்பகவல்லியை அவர் இன்னும் கூட்டிப்போகவில்லை. “கால்லதான் அடி” என்பதோடு நிறுத்திக்கொள்வார்.

இன்று புது ஆர்ம்களை மாட்டியாகிவிட்டது. ஓட்டுபவரின் எடை சீட்டில் இருக்கும்போதுதான் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும்.

“ஏறி உட்காரு செம்பா.”

“நானா ஓட்டப்போறேன்? உங்க புள்ளையில்ல ஓட்டப்போறான், குதிர் மாதிரி எழுபத்தஞ்சு கிலோ!”

ஒன்பது நாளுக்குப் பிறகு இப்போதுதான் அவள் சிரித்தாள். வீட்டையொட்டிய தங்கள் அரிசிக் கடையிலிருந்து இருபத்தைந்து கிலோ சிப்பங்கள் மூன்றை இழுத்துவந்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சீட்டில் ஏற்றினாள். சரியாமல் இருக்க பெல்ட்டும் போட்டுவிட்டாள்.

“இப்ப முறுக்குங்க.”

ஸ்பானர் சத்தம் வரவில்லை. அரியநாதன் அடியிலிருந்து வெளியே வந்தார். பெல்ட்டைக் கழற்றினார். மேலே இருந்த சிப்பத்தை இரு கைகளாலும் தூக்கி மெதுவாகத் தரையில் வைத்தார். மீதி இரண்டுக்கும் பெல்ட்டை மறுபடி மாட்டினார்.

“அதை ஏங்க இறக்குறீங்க? அவன் எடை அதுதானே?”

“இப்ப அவ்வளவு இல்ல செம்பா,” என்றார். “ரெண்டு காலையும் எடுத்துட்டாங்க.”