ஏரி நாணல்

“ரெண்டு சீவாளியும் பிளந்துபோச்சு சார்!”

ஆர்கிரோ உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். ஜூன் மாத வெயிலில், பூட்டிய காருக்குள் அரைமணி நேரம் கிடந்த, அவளுடைய இரட்டைக் குழலின் வாயில் செருகும் இரண்டு நாணல் சீவாளிகளும் நீளவாக்கில் பிளந்திருந்தன.

குழுத் தலைவர் திமோலியோன் அவற்றைத் தொடக்கூட இல்லை. பண்டைக் கிரேக்க இசைக்கு மறுபடி உயிர் கொடுத்தவர் என்று லிவாதியா ஊரே அவரைக் கொண்டாடுகிறது. அந்தக் காலத்து இரட்டைக் குழல் என்றால் அவர்தான் என்று பெயர். பெயருக்கு ஏற்ற கோபமும் உண்டு.

“கச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரம்தான் இருக்கு. கல்வெட்டுல கிடைச்ச துதியை முதல் தடவையா இன்னைக்கு ஊதப்போற. மேயர் வேற வர்றார். நீ என்னடான்னா சீவாளியை வத்தல் மாதிரி காயப்போட்டுட்டு வந்து நிக்கிற!”

“தப்புதான் சார். உங்ககிட்ட இருக்கிறதுல ஒரு ஜோடி குடுங்க. ராத்திரியே திருப்பிக் குடுத்துடறேன்.”

“அது மட்டும் நடக்காது. வத்திப்போன ஏரியோட ஓரத்துல நானே இறங்கி அறுத்து, மூணு வருஷம் நிழல்ல உலர்த்தின நாணல். அதுல என் வாயைத் தவிர வேற யார் வாயும் படக்கூடாது.”

“அப்ப நான் எதை வச்சு ஊதறது?”

“அது உன் பாடு. ஆனா பிளாஸ்டிக் கிளாஸ்டிக்னு எதையாவது செருகினே, தனாசிஸுக்கு நடந்ததுதான் உனக்கும்.”

போன வருடம் ஒத்திகையில் பிளாஸ்டிக் சீவாளியோடு பிடிபட்ட தனாசிஸை, எல்லோர் முன்னாலும் திட்டித் தீர்த்துக் குழுவைவிட்டே அனுப்பியவர் அவர். ஆர்கிரோ பதினோரு வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓபோ என்ற மேற்கத்தியக் குழலைச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளியவள். தனியாக மேடையேறுவது இதுதான் முதல் தடவை. இந்தக் குழுவும் போனால், வீட்டுச் சுவரைப் பார்த்துத்தான் குழல் ஊத வேண்டும்.

அவர் அந்தப் பக்கம் போனதும், ஆமையோட்டு யாழ் வாசிக்கும் வாங்கேலிஸ் இந்தப் பக்கம் வந்தான்.

“எதிர்க்க இருக்கிற காபிக் கடைக்கு வா. ஸ்ட்ரா வாங்கலாம்.”

“காபி குடிக்கிற நேரமாடா இது?”

“குடிக்க இல்ல. ஒரு முனையை நசுக்கி, லைட்டர்ல லேசா வாட்டி, அடியில நூல் சுத்தினா அதுவும் சீவாளிதான். நான் பார்த்திருக்கேன்.”

“கண்டுபிடிச்சா கொன்னுடுவார்டா.”

“ஊதலைன்னாலும் கொல்லத்தான் போறார். ஊதிட்டே சாவு.”

கடையில் காகித ஸ்ட்ராதான் இருந்தது. எச்சில் பட்டதும் நொளநொளவென்று ஆகிவிட்டது.

“பிளாஸ்டிக்கைத்தான் தடை பண்ணிட்டாங்களே, உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் கடைக்காரி. வாங்கேலிஸ் கெஞ்சிய கெஞ்சலில் அலமாரிக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, தூசி படிந்த பழைய கட்டு ஒன்றை எடுத்து நீட்டினாள்.

ஏழு மணி. பழைய கல் அரங்கின் படிகள் இன்னும் சுட்டுக்கொண்டிருந்தன. ஆர்கிரோ கன்னத்தைச் சுற்றித் தோல் பட்டையைக் கட்டிக்கொண்டாள். குழல் நழுவாமலிருக்க முன்னோர் கண்டுபிடித்த அந்தப் பட்டை, ஸ்ட்ராவில் செய்த சீவாளிகளையும் கச்சிதமாக மறைத்தது. முன்னோர் புண்ணியவான்கள்.

கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். இரண்டு குழல்களும் பிணைந்து, கணீரென்று கல்லில் மோதித் திரும்பின. மேயரே கைப்பேசியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

முடிந்ததும் திமோலியோன் மேடைக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

“கேட்டீங்களா? இதுதான் நாணல்! ஏரியே எழுந்து வந்து பேசுது! ரெண்டாயிரம் வருஷத்து மூச்சு இது. பிளாஸ்டிக்குக்கு வருமா இந்த உயிர்?”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது. ஆர்கிரோவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

உடை மாற்றும் அறையில் திமோலியோன் அவளைக் கட்டிப்பிடித்து, கண் படக்கூடாதென்று “தூ, தூ, தூ” என்று மூன்று முறை துப்பவும் செய்தார்.

“எந்த ஓடைக்கரையில அறுத்த நாணல்டி இது?”

அதற்குமேல் அவளால் முடியவில்லை.

“நாணல் இல்ல சார். ஸ்ட்ரா. பிளாஸ்டிக் ஸ்ட்ரா. உங்களை ஏமாத்திட்டேன். என்னை அனுப்பறதுன்னா அனுப்பிடுங்க. தனாசிஸை மாதிரி எல்லார் முன்னாலயும் மட்டும் வேண்டாம்.”

திமோலியோன் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். குழலிலிருந்து சீவாளியை உருவி, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார்.

“எந்தக் கடைம்மா? தடை வந்ததுலேர்ந்து ஏதென்ஸ் வரைக்கும் தேடிட்டேன், எங்கிட்ட இன்னும் நாலே நாலு ஸ்ட்ராதான் மிச்சம்!”