கதவில் தொங்கிய பலகை

தட்டியில் மூன்றாவது எழுத்தை முடிப்பதற்குள் ரொவேனாவின் கையிலிருந்த தூரிகையை டங்கன் பிடுங்கிக்கொண்டார். நிகாட்டாவில் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரர்களின் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். இருபத்தைந்து வருடமாக ஜப்பானில் வாழும் ஸ்காட்லாந்துக்காரர். அவர் கோபப்பட்டு யாரும் பார்த்ததில்லை.

"தட்டி, கோஷம், கேஸு எல்லாம் இந்த ஊர்ல எடுபடாதும்மா. ஒரு இனிப்புப் பெட்டி, நாலு நல்ல வார்த்தை. அது போதும்."

"குனிஞ்சு குனிஞ்சு கும்பிட்டு இத்தனை வருஷத்துல உங்களுக்கு என்ன கிடைச்சுது டங்கன்-சான்? முதுகுவலிதானே?"

சங்கத்தில் பாதிப்பேர் சிரித்துவிட்டார்கள். மீதிப்பேர் தேநீரைக் குடித்துச் சமாளித்தார்கள்.

ரொவேனா முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரி. இல்லத்து ஊழியர்களின் வருடக் கடைசி விருந்து வெள்ளிக்கிழமை ஒரு கோழிக்கடையில். கம்பியில் கோழி சுட்டுத் தரும் அந்தச் சின்னக் கடையின் கதவில், வெளிநாட்டவருக்கு அனுமதி இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு பலகை தொங்கியது. ஒன்பது வருடம் கூட வேலை பார்த்தவர்கள் உள்ளே சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் வீட்டில் தனியாக நூடுல்ஸ் தின்ன வேண்டும்.

பத்திரிகைக்காரர்களை அழைத்துக்கொண்டு போகலாம் என்றாள். வேண்டவே வேண்டாம், தானே தனியாகப் போய்ப் பேசி முடித்துவிடுவதாக டங்கன் சொன்னார். அவள் விடவில்லை. கடைசியில், வாயே திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கூட்டிப்போனார்.

மீன் சந்தைக்குப் பின்னால் மூன்று சந்துகள் பிரிந்தன. டங்கன் விறுவிறுவென்று நடுச்சந்தில் திரும்பினார். ரொவேனா பனியில் வழுக்கி வழுக்கிப் பின்னால் ஓடினாள்.

கடைக்காரர் கிகுமோட்டோ வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தார். டங்கனைப் பார்த்ததும் இடுப்பு வளையக் குனிந்தார். டங்கன் அதைவிடத் தாழக் குனிந்து இனிப்புப் பெட்டியை நீட்டினார். பெட்டியை வாங்கி வைத்த கையோடு, கிகுமோட்டோ கதவிலிருந்த பலகையைக் கழற்றினார்.

ரொவேனாவால் நம்பவே முடியவில்லை. கோர்ட்டும் இல்லை, கோஷமும் இல்லை. ஒரே ஒரு பெட்டி. இவரையா கிண்டல் செய்தோம் என்று வெட்கமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க டங்கன்-சான். உங்க வழிதான் சரி" என்று காதோரம் சொன்னாள்.

டங்கனின் முகம் அந்த ஊர்ச் சிவப்பு இஞ்சி ஊறுகாய் மாதிரி சிவந்தது. பாவம், எவ்வளவு அடக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

கிகுமோட்டோ பலகையைத் துடைத்து, இரண்டு கைகளாலும் மரியாதையாக டங்கனிடம் நீட்டினார்.

"நீங்க சொன்ன யோசனை நல்லா வேலை செய்யுது. உங்க மூலை நாற்காலிக்கு இப்ப போட்டியே இல்ல. எழுத்துதான் மங்கிப்போச்சு, போன வருஷம் மாதிரி நீங்களே புதுசா எழுதித் தந்துடுங்க."